வரிசையக்கா செய்த தவறு

பெற்றவர்கள் வைத்த பெயர் ஒன்று அவளுக்கும் இருந்தது. சம்பளப் பட்டியலைத் தவிர வேறெங்கும் அது புழங்கவில்லை. மற்ற எல்லாருக்கும் அவள் வரிசையக்கா. டாக்டர்களும் அப்படித்தான் கூப்பிட்டார்கள், தரை துடைக்கிற பெண்களும் அப்படித்தான் கூப்பிட்டார்கள். அவளைவிட இருபது வயது மூத்த நோயாளிகள்கூட கொஞ்சமும் கூச்சமில்லாமல் அக்கா என்றார்கள்.

பெரிய ஆஸ்பத்திரி ஒன்றின் வெளிநோயாளிகள் கூடத்தில் அவளுக்கு வேலை. காலை ஏழு மணிக்குக் கண்ணாடிக் கதவு திறந்த பத்தாவது நிமிடம் எள் விழ இடமிருக்காது. அந்தக் கூட்டத்தைப் பதினோரு டாக்டர்களின் அறைகளுக்கு, சண்டை வராமல், மயக்கம் போட்டு யாரும் விழாமல், பிரித்து அனுப்ப வேண்டும். டோக்கன் இயந்திரம் ஒன்று இருந்தது. வாரத்தில் மூன்று நாள் அதுவே நோயாளி. அந்த நாட்களில் வரிசையக்காவின் தொண்டையும் வலது கையும்தான் இயந்திரம்.

நோயாளியோடு ஒருவர் உள்ளே போகலாம், அவர் உறவினராக இருக்க வேண்டும் என்று சுவரில் எழுதிப் போட்டிருந்தார்கள். சேர்ந்த புதிதில் அவளும் மாய்ந்து மாய்ந்து எல்லாரிடமும் கேட்டாள்: “நீங்க இவங்களுக்கு என்ன வேணும்?” ஒருவர் பக்கத்து வீட்டுக்காரர். ஒருத்தி கூட வேலை பார்ப்பவள். சிலர் பதில் சொல்லத் தெரியாமல் கண்கலங்கி நின்றார்கள். ரத்த சொந்தமென்று சொல்லிக்கொண்டு வந்தவர்களில் பாதிப் பேர் அம்மாவை நாற்காலியில் உட்காரவைத்துவிட்டு வெளியே போனில் பேசப் போய்விட்டார்கள். ஆறாவது மாதம் அவள் அந்தக் கேள்வியை விட்டொழித்தாள். நோயாளியின் பையை யார் பிடித்திருக்கிறாரோ அவர்தான் கூட வந்தவர். அதற்குப் பிறகு அவள் சொன்னதெல்லாம் ஒரே வாக்கியம், ஒரு நாளைக்கு முந்நூறு தடவை: “கூட வந்தவங்களும் வாங்க.”

வேலையில் இவ்வளவு கெட்டிக்காரியான அவளுடைய வீடு மட்டும் அவள் கைக்கு அடங்கவில்லை. கட்டியவன் ஒரு செவ்வாய்க்கிழமை சட்டைகளை மட்டும் எடுத்துக்கொண்டு போய்விட்டான். ஏன் போனான் என்று அவளுக்குத் தெரியும், இங்கே அது தேவையில்லை. குழந்தை இல்லை. அண்ணன் வந்து, “மாடி சும்மாதானே கிடக்கு, வந்துடு,” என்றார். பெட்டியைத் தூக்கிக்கொண்டு அண்ணன் வீட்டு மாடிக்கு வந்தாள். அப்போது அவளுக்கு நாற்பத்து மூன்று வயது. அண்ணன் ஒரு வக்கீல் அலுவலகத்தில் தலைமை எழுத்தர். அவர்கள் போகிற கிறிஸ்தவ சபைக்குச் செயலாளரும் அவர்தான்.

அந்தச் சபையில் ஒரு பழக்கம் இருந்தது. மாதத்தின் முதல் ஞாயிறு, இயேசுவின் கடைசி விருந்தின் நினைவாக, அப்பமும் திராட்சை ரசக் கிண்ணமும் பரிமாறுவார்கள். முதலில் குடும்பங்கள். முன் பெஞ்சிலிருந்து தொடங்கி, ஒவ்வொரு வீடாக எழுந்து மூன்று படி ஏறி மேடையில் மண்டியிட வேண்டும். போதகர் அந்த வீட்டில் மூத்தவர் தலையில் கை வைத்து, “ஆண்டவரே, இந்த வீட்டின் விளக்கு அணையாமல் பார்த்துக்கொள்ளும்,” என்று ஜெபித்துப் பரிமாறுவார். எல்லா வீடும் முடிந்த பிறகு தனியாட்கள். அவர்கள் படி ஏறுவதில்லை. கீழே ஒற்றை வரிசையில் நின்று கையில் வாங்கிக்கொண்டு போக வேண்டியதுதான். தலையில் கை வைப்பதும் இல்லை, விளக்கும் இல்லை. அதற்குள் மணி பன்னிரண்டாகிவிடும், எல்லாருக்கும் பசி. என்றைக்கோ குழந்தைகள் அழுகிறார்கள் என்று குடும்பங்களை முதலில் விட்டிருப்பார்கள். அதுவே சட்டமாகி, அண்ணன் செயலாளரானதும் அச்சடித்த நடைமுறைத் தாளில் நான்காவது பத்தியாகவும் ஏறிவிட்டது.

கணவன் போன மாதம் அவள் வழக்கம்போல் குடும்ப வரிசையில் எழுந்தாள். அப்போது சபையில் வரிசை பார்த்துக்கொண்டிருந்தவர் அவள் தோளை மெதுவாகத் தொட்டு, “நீங்க கடைசியில வாங்கம்மா,” என்றார். அவ்வளவுதான் சொன்னார். நூற்றைம்பது பேர் பார்க்க அவள் திரும்ப உட்கார்ந்தாள். கணவன் போன செவ்வாய்க்கிழமைகூட அவளுக்கு அப்படி வலிக்கவில்லை.

ஐந்து வருடம் அந்தக் கடைசி வரிசையில் நின்றாள். பிறகு அந்த வரிசைக்காரர் இறந்துபோனார். ஆஸ்பத்திரிக் கூட்டத்தையே மேய்க்கிற தங்கை இருக்கும்போது வேறு ஆள் எதற்கு என்று அண்ணன் அவளுக்கே அந்த வேலையையும் ஒரு நீல வில்லையையும் வாங்கிக் கொடுத்தார். சபையில் முதன்முதலாக வரிசை பார்த்த பெண் அவள்தான். நெஞ்சில் வில்லையைக் குத்திக்கொண்டு பக்கவாட்டில் நிற்பாள். எந்த பெஞ்சின் முறையோ அதன் ஓரத்தில் போய் உள்ளங்கையை மேலே காட்டி நீட்டுவாள். நான்கு வருடம் ஒரு குறையில்லாமல் செய்தாள். தன்னை உட்காரவைத்த அதே சொற்களை அவளும் எத்தனையோ பேரிடம் சொன்னாள். அதுதான் எனக்கு அவள்மேல் கோபம். அவளுக்கே அவள்மேல் இருந்த கோபம் என்னுடையதைவிடப் பெரிது, ஆனால் அது வெளியே வர நாளானது.

அந்தக் கடைசி வரிசையில் இரண்டு பெண்கள் நின்றார்கள். ஒருத்தி பல் கட்டுபவள். பல் டாக்டர்கள் அச்செடுத்து அனுப்புவதை வைத்துப் பல்செட் செய்து கொடுக்கிற சின்னப் பட்டறை வைத்திருந்தாள். எல்லாருக்கும் அவள் பல்லக்கா. சபைச் செயற்குழுவில் பாதிப் பேருடைய சிரிப்பு அவள் கைவேலை. இன்னொருத்தி கார் ஓட்டக் கற்றுக்கொடுக்கும் டிரைவிங் டீச்சர். மீதிப் பாதிப் பேர் அவளிடம் திட்டு வாங்கித்தான் லைசென்ஸ் வாங்கினார்கள். இருவரும் பதினோரு வருடமாக, பட்டறைக்கு மேலே இருந்த வீட்டில் ஒன்றாக வாழ்ந்தார்கள். சபைக்கு ஒரே காரில் வருவார்கள். இறங்கியதும் ஒருத்தி நான்காவது பெஞ்சுக்குப் போவாள், இன்னொருத்தி பத்து பெஞ்சு தள்ளி மின்விசிறிக்குக் கீழே போவாள். கடைசி வரிசையிலும் இடையில் நாலு பேரை விட்டுத்தான் நிற்பார்கள். அவர்கள் யார், ஒருவருக்கொருவர் என்ன என்பது சபையில் எல்லாருக்கும் தெரியும். தெரியாதது மாதிரி இருப்பதற்கு மட்டும் எல்லாரும் நன்றாகப் பழகியிருந்தார்கள்.

டீச்சருக்கு இடது கண்ணில் ஆபரேஷன் நடந்தது. அடுத்து வந்த முதல் ஞாயிறு, கண்மேல் கட்டும் பிளாஸ்டிக் மூடியுமாக அவள் சபைக்கு வந்தாள். விசிறிக் காற்று கண்ணில் படக்கூடாது. ஒற்றைக் கண்ணுக்குப் படியின் ஆழம் பிடிபடவில்லை, பெஞ்சின் ஓரமும் பிடிபடவில்லை. பல்லக்கா அவள் முழங்கையைப் பிடித்து நடத்திவந்து ஆறாவது பெஞ்சின் ஓரத்தில் உட்காரவைத்து, வேறு வழியில்லாமல் தானும் பக்கத்திலேயே உட்கார்ந்தாள். மடியில் டீச்சரின் பை. சபையில் இருவரும் சேர்ந்து உட்கார்ந்தது பதினோரு வருடத்தில் இதுதான் முதல் தடவை.

குடும்பங்கள் ஐந்தாவது பெஞ்சு வரை போய்த் திரும்பின. வரிசையக்கா ஆறாவது பெஞ்சுக்கு வந்தாள். முந்தின நாள் ஆஸ்பத்திரியில் இயந்திரம் படுத்துவிட்டது. காலையிலிருந்து மாலைவரை அவள்தான் கத்தியிருந்தாள். எதிரே ஒரு கண்கட்டு, அதற்குப் பக்கத்தில் பையோடு ஒருத்தி. அவள் கை தானாக நீண்டது. வாய் தானாகத் திறந்தது.

“கூட வந்தவங்களும் வாங்க.”

பல்லக்கா ஆடிப்போனாள். டீச்சர் ஆடவில்லை. பெஞ்சைப் பிடித்து எழுந்தாள், பல்லக்காவின் கைக்காகத் துழாவினாள், பிடித்துக்கொண்டு நடக்க ஆரம்பித்தாள். வரிசையக்காவுக்கு அப்போதுதான் தான் செய்தது உறைத்தது. நீட்டிய கை நீட்டியபடியே இருந்தது. இரண்டு பெண்களும் மெதுவாக, ஒவ்வொரு படியாக ஏறி, மண்டியிட்டார்கள். போதகர் கண்ணை மூடியபடியே மூத்தவளான பல்லக்காவின் தலையில் கை வைத்துவிட்டார். இந்த வீட்டின் விளக்கு என்பதுவரை வந்த பிறகுதான் கண்ணைத் திறந்தார். ஆண்டவரிடம் பாதியில் பேச்சை நிறுத்த முடியாது. முழுதும் சொல்லி முடித்தார்.

புதன்கிழமை செயற்குழு கூடியது. அன்று மாலையே அண்ணன் தட்டச்சு செய்த தாளோடு மாடிக்கு வந்தார். பின்னாலேயே அண்ணியும் வந்து, கதவோரம் நின்றாள்.

“போதகர் என்ன சொன்னார்?” என்று வரிசையக்கா கேட்டாள்.

“அன்னைக்குக் கண்ணாடி துடைக்கலையாம். யாருன்னு தெரியலையாம்.”

“நல்ல கண்ணாடி.”

அண்ணன் அதைக் காதில் போட்டுக்கொள்ளவில்லை. “இதோ பாரு. நாலே வரி. அடுத்த முதல் ஞாயிறு பரிமாறுறதுக்கு முன்னாடி மைக்ல படிச்சுடு. ஆஸ்பத்திரி வேலைப் பழக்கத்துல, யாருன்னு கவனிக்காம, தெரியாம கூப்பிட்டுட்டேன், சபை மன்னிக்கணும். அவ்வளவுதான். விஷயம் முடிஞ்சது.”

“படிக்கலைன்னா?”

“படிக்கலைன்னா உன் வில்லை போகும். அது பெருசில்ல.” அண்ணன் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். கெட்டவர் இல்லை அவர். கெட்டவராக இருந்திருந்தால் அவளுக்கு வேலை சுலபம். “நீ தெரியாம கூப்பிட்டேன்னா, அவங்களும் தெரியாம எழுந்து வந்தாங்கன்னு ஆயிடும். கண்ணு தெரியாதவ, பாவம். பழையபடி கடைசியில நின்னு வாங்கிட்டுப் போகட்டும், யாரும் எதுவும் கேட்கப் போறதில்லை. நீ தெரிஞ்சே கூப்பிட்டேன்னு ஆச்சுன்னா, அவங்களும் தெரிஞ்சே வந்தாங்கன்னு ஆகும். அப்ப ரெண்டு பேர் பேரையும் சபைப் பதிவுல இருந்து எடுக்கணும்னு குழுவுல பேசியாச்சு. நான்தான் தடுத்து வெச்சிருக்கேன். அவங்களைக் காப்பாத்தறது இப்ப உன் வாயிலதான் இருக்கு.”

“எதுக்கு எடுக்கணும்? என்ன பண்ணாங்க?”

“உனக்குத் தெரியாதா? அந்த மாதிரி ஆளுங்க.”

“எந்த மாதிரி?”

“என்னை வாய் திறந்து சொல்ல வைக்காதே.”

“பதினோரு வருஷமா யாருமே வாய் திறக்கலையே அண்ணா. நீங்களாவது சொல்லுங்களேன்.”

அண்ணனுக்கு முகம் சிவந்தது. “என் வீட்டு மாடியில இருந்துக்கிட்டு...” என்று ஆரம்பித்தவர் அண்ணியைப் பார்த்ததும் மீதியை விழுங்கினார். ஆனால் அவள் காதில் முழுதாகவே விழுந்துவிட்டது. தாளை மேசைமேல் வைத்துவிட்டு இறங்கிப் போனார். அண்ணி மட்டும் நின்று அந்தத் தாளைப் படித்தாள். படித்ததும் அதை மேசைமேல் கவிழ்த்து வைத்துவிட்டுப் போனாள்.

சனிக்கிழமை மாலை, வேலை முடிந்த கையோடு வரிசையக்கா பல்லக்காவின் பட்டறைக்குப் போனாள். வாசலிலிருந்து திரும்பிவிடலாமா என்று இரண்டு தடவை நினைத்தாள். உள்ளே சுவர் முழுக்க அலமாரி. அலமாரி முழுக்க வெள்ளை மாவில் வார்த்த வாய்கள். மேல் தாடை, கீழ்த் தாடை, ஒவ்வொன்றிலும் பென்சிலால் எண். டீச்சர் ஒற்றைக் கண்ணோடு ஒரு ஸ்டூலில் உட்கார்ந்திருந்தாள். அவளைப் பார்த்ததும் எட்டி ஒரு தாடையை எடுத்துக் காட்டினாள்.

“இது யாருன்னு சொல்லுங்க பார்ப்போம். உங்க அண்ணன். இங்க எவ்வளவு சமத்தா, பேசாம இருக்கார் பாருங்க.”

வரிசையக்காவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. சிரித்து முடித்ததும் அழுகையும் வந்தது. பையிலிருந்து தாளை எடுத்து அவர்களிடமே கொடுத்தாள். அண்ணன் சொன்னதை ஒன்று விடாமல் சொன்னாள். “நான் செஞ்சது பழக்கத்துல செஞ்சது. அது நிஜம். இதைப் படிச்சா உங்களுக்கு நல்லதா, படிக்காம இருந்தா நல்லதான்னு எனக்குத் தெரியலை. உங்க பேருதான் போகப் போகுது. அதனால உங்ககிட்டயே கேட்டுட்டுப் போலாம்னு வந்தேன்.”

“படிக்காதீங்க,” என்றாள் டீச்சர், யோசிக்காமலேயே. “கண்ணு தெரியாதவ, பாவமாம். ஒரு கண்ணை மூடிட்டுத்தான் நடந்தேன். ஆனா எங்க போறேன்னு தெரிஞ்சுதான் நடந்தேன்.”

“உனக்கென்ன, நீ சொல்லிடுவே,” என்று பல்லக்கா சீறினாள். கையில் இருந்த சின்னக் கத்தியைக் கீழே வைத்தாள். “ஸ்டியரிங்கைத் திருப்பற மாதிரி பட்டுனு திருப்பிடுவே. நான் பிறந்ததுல இருந்து இந்தச் சபை. எங்க அம்மாவுக்கு அங்கதான் கடைசி ஜெபம் பண்ணாங்க. பேரை எடுத்துட்டா நான் ஞாயித்துக்கிழமை எங்க போவேன்?”

“என்கூட கார்ல சுத்து.”

“விளையாடாதே.”

“நான் விளையாடலை. பதினோரு வருஷமா நீ பத்து பெஞ்சு தள்ளி உட்காருறதைப் பார்த்துட்டு இருக்கேன். கேட்டேனா ஒரு வார்த்தை? உனக்கு அந்த இடம் வேணும்னு நானும் பல்லைக் கடிச்சிட்டு இருந்தேன்.”

வெளியே தெருவில் யாரோ வண்டியைக் கிளப்ப முடியாமல் உதைத்துக்கொண்டிருந்தார்கள். பல்லக்கா ஒரு ஈரத் துணியை எடுத்து, விரல்களில் காய்ந்திருந்த மாவை ஒவ்வொரு விரலாகத் துடைத்தாள்.

“அக்கா, ஒண்ணு சொல்றேன்,” என்றாள் கடைசியில். “அன்னைக்கு அவர் என் தலையில கை வெச்சார். எனக்கு உடம்பெல்லாம் நடுக்கம். ஆனா எங்க வீட்டுக்காக ஒருத்தர் ஜெபம் பண்ணி அதுவரைக்கும் நான் கேட்டதே இல்லை. எத்தனை பேர் வீட்டுக்குக் கேட்டிருக்கேன்! உங்க அண்ணன் வீட்டுக்கு மாசாமாசம் ஆமென் சொல்லியிருக்கேன். எங்க வீடும் வீடுதானே? அது தப்புல நடந்ததுன்னு நீங்க மைக்ல சொல்லி, அதை நான் உட்கார்ந்து கேட்கணும்னா, என்னால முடியாது. பேரை எடுக்கட்டும். நீங்க மட்டும் எங்களைத் தெரியாதுன்னு சொல்லாதீங்க.”

டீச்சர் திரும்பி அவளைப் பார்த்தாள். கையிலிருந்த தாடையை அலமாரியில் திரும்ப வைத்தாள்.

அடுத்த மூன்று வாரமும் வீட்டில் அண்ணன் அவளோடு பேசவில்லை. படிப்பாள் என்றே நம்பிக்கொண்டிருந்தார். அவளுக்கு மாடி போய்விடுமோ என்ற பயம். ஐம்பத்திரண்டு வயதில் பெட்டியைத் தூக்கிக்கொண்டு எங்கே போவது? ஆஸ்பத்திரியில் முந்நூறு பேரை அனுப்பிவிட்டு, நடுவே ஒரு நிமிடம் கிடைத்தால், அன்று நிஜமாகவே பழக்கத்தில்தான் கை நீண்டதா என்று தன்னையே குடைந்து குடைந்து கேட்டாள். பதில் கிடைத்த நாளில் அவளுக்குப் பயம் கொஞ்சம் குறைந்தது.

முதல் ஞாயிறு வந்தது. சபை நிரம்பி வழிந்தது. சாதாரணமாகத் தூங்க வருகிறவர்கள்கூட அன்று முகம் கழுவிக்கொண்டு வந்திருந்தார்கள். கட்டுப் பிரித்த இரண்டு கண்ணோடு டீச்சரும் பக்கத்தில் பல்லக்காவும், மறுபடி அதே ஆறாவது பெஞ்சு. இந்தத் தடவை எந்தக் காரணமும் சொல்ல முடியாது. அண்ணன் முன் பெஞ்சில் உள்பக்கம் இருந்தார். அண்ணி நடைபாதை ஓரம். போதகர் தலையை ஆட்டியதும் வரிசையக்கா மைக்குக்கு முன்னால் போய் நின்றாள். தாளைப் பிரித்தாள்.

“இது எங்க அண்ணன் எழுதிக் கொடுத்தது. ஒரு எழுத்துப் பிழை இல்லாம எழுதியிருக்கார். ஆனா இதுல இருக்கற மாதிரி நடக்கலை.” தாளை மடித்தாள். “அன்னைக்கு என் கை தானாத்தான் நீண்டது. ஆனா அவங்க எழுந்த பிறகு, ‘நீங்க இல்லை, உட்காருங்க’ன்னு சொல்ல எனக்கு நேரம் இருந்தது. ஆறாவது பெஞ்சுல இருந்து படி வரைக்கும் ஒவ்வொரு அடியா நடந்தாங்க. என் வாய் சும்மாதான் இருந்தது. நான் சொல்லலை. சொல்லக் கூடாதுன்னுதான் சொல்லலை. அதனால தெரியாம நடந்துச்சுன்னு நான் சொல்ல மாட்டேன்.”

அண்ணன் பாதி எழுந்துவிட்டார்.

“மன்னிப்புக் கேட்க எனக்கு வேற ஒண்ணு இருக்கு. நாலு வருஷமா இவங்க ரெண்டு பேரையும் கீழே, தனித்தனியா நிக்க வெச்சது நான்தான். இவங்க ஒரு வீடுன்னு எனக்குத் தெரியும். உங்க எல்லாருக்கும் தெரியும். இவங்க ஒருத்தரை ஒருத்தர் நேசிச்சு ஒண்ணா வாழறவங்க. கல்யாணம் பண்ணிட்டு வந்தவன் என்னைத் தூக்கிப் போட்டுட்டுப் போனான், அவனோட இருந்தவரைக்கும் நான் குடும்பம். பதினோரு வருஷமா ஒருத்தி கையை ஒருத்தி விடலை, இவங்க தனியாட்களா? எந்த ஊர் நியாயம் இது? என்னை மன்னிச்சுடுங்கம்மா ரெண்டு பேரும். சபைகிட்ட நான் கேட்கலை.”

அண்ணன் முழுதாக எழுந்தார். “வில்லையைக் கழட்டி வெச்சுடு.”

அவள் கழற்றினாள். ஊசி புடவையில் மாட்டிக்கொண்டு வரமாட்டேன் என்றது. இழுத்துப் பிடுங்கி மைக்குக்கு அடியில் வைத்தாள். கடைசி பெஞ்சில் தனியாட்களோடு போய் உட்காரலாம் என்று நடந்தாள். பின்னாலிருந்து சலசலப்பு எழுந்தது. பதினாலு வீட்டுக்காரர்கள் எழுந்து, பிள்ளைகளை இழுத்துக்கொண்டு, செருப்புச் சத்தத்தோடு வெளியே போனார்கள். மற்றவர்கள் இருந்த இடத்தில் இருந்தார்கள். அதில் எத்தனை பேர் துணிந்து இருந்தார்கள், எத்தனை பேர் என்ன நடக்கிறது என்று வேடிக்கை பார்க்க இருந்தார்கள் என்று சொல்ல முடியாது.

போதகர் அவசர அவசரமாக அப்பத் தட்டை எடுத்தார். பாட்டு ஆரம்பித்தது. வழக்கப்படி முன் பெஞ்சு முதலில் எழ வேண்டும். முன் பெஞ்சு எழவில்லை. அண்ணி நடைபாதை ஓரத்தில் கனமாக உட்கார்ந்திருந்தாள். அவள் எழாமல் அந்தப் பெஞ்சில் யாரும் வெளியே வர முடியாது. அந்தப் பெஞ்சு போகாமல் அடுத்த பெஞ்சு போகக் கூடாது.

“எழுந்திரு,” என்றார் அண்ணன், பல்லிடுக்கில்.

“எனக்கு அவசரமில்லைங்க,” என்றாள் அண்ணி. மெதுவாகத்தான் சொன்னாள். ஆனால் பாட்டின் ஒரு அடிக்கும் அடுத்த அடிக்கும் நடுவே விழுந்ததால் எல்லாருக்கும் கேட்டது. “ஆறாவது பெஞ்சுல ஒரு வீடு இருக்கு. அவங்க போயிட்டு வரட்டும். அப்புறம் நான் போறேன்.”

“இதென்ன பேச்சு?”

“என் நாத்தனார் அஞ்சு வருஷம் கடைசியில நின்னா. நான் மாசாமாசம் அவளைத் தாண்டிப் போய் முதல்ல வாங்கிட்டு வந்தேன். அது ஒரு தடவைகூட எனக்கு நிம்மதியா இறங்கலை. மாடியைப் பத்தியும் சொல்லிடறேன். அது எங்கயும் போகாது, அவளும் எங்கயும் போகமாட்டா.”

பாட்டு முடிந்தது. பாட்டுக்காரர்களுக்கு என்ன செய்வதென்று தெரியவில்லை, முதலிலிருந்து மறுபடி ஆரம்பித்தார்கள். அண்ணன் அண்ணியின் முழங்காலைத் தாண்டி, கோட்டு பெஞ்சு விளிம்பில் சிக்க, ஒருவழியாக வெளியே வந்தார். நேராகப் போய்ப் படியில் கால் வைத்தார். போதகர் அவரைப் பார்த்தார், அவருக்குப் பின்னால் பார்த்தார். பின்னால் யாரும் இல்லை.

“தனியா வந்திருக்கீங்களே ஐயா,” என்றார் போதகர். குற்றம் சொல்கிற குரலில்லை. நிஜமாகவே என்ன செய்வதென்று தெரியாமல்தான் கேட்டார். நான்காவது பத்தியை அச்சடித்துக் கொடுத்தவர் எதிரே நிற்கும்போது அவர்தான் பாவம் என்ன செய்வார்?

அண்ணன் படியிலிருந்து காலை எடுத்தார். கீழே ஓரமாக ஒதுங்கி நின்றார்.

அப்போது டீச்சர் எழுந்தாள். இல்லை, முதலில் எழுந்தது பல்லக்கா. டீச்சரின் கையைப் பிடித்து அவள்தான் எழுப்பினாள். யாரும் கை காட்டவில்லை, யாரும் வாங்க என்று சொல்லவில்லை. இருவரும் நடைபாதை நடுவில், பக்கத்தில் பக்கத்தில், நடந்து போனார்கள். மூன்று படி ஏறி மண்டியிட்டார்கள். போதகர் தட்டைக் கீழே வைத்தார். கண்ணாடியைக் கழற்றினார். அங்கியின் ஓரத்தால் இரண்டு பக்கமும் நன்றாகத் துடைத்தார். திரும்ப மாட்டிக்கொண்டு இரண்டு முகங்களையும் பார்த்தார். பிறகு கண்ணை மூடாமல், பல்லக்காவின் தலையில் ஒரு கையும் டீச்சரின் தலையில் ஒரு கையும் வைத்தார். “ஆண்டவரே, இந்த வீட்டின்...” என்று ஆரம்பித்து நிறுத்தினார். மறுபடி முதலிலிருந்து, உரக்க, கடைசி பெஞ்சுக்கும் கேட்கும்படி முழுவதும் சொன்னார். இனி அவர்கள் பெயரை எடுக்க வேண்டுமென்றால் அவர் பெயரையும் சேர்த்துத்தான் எடுக்க வேண்டும். அது அவருக்கும் தெரிந்திருந்தது. ஆமென் என்று சத்தமாகச் சொன்னவர்கள் கொஞ்சம் பேர்தான். அவர்களில் வரிசையக்காவின் தொண்டை ஆஸ்பத்திரித் தொண்டை. அது போதுமானதாக இருந்தது.

அண்ணி எழுந்தாள். ஆனால் முன்னால் போகவில்லை. பின்னால் திரும்பி, சபையின் முழு நீளமும் நடந்து, கடைசி பெஞ்சுக்கு வந்து நாத்தனாரின் கையைப் பிடித்தாள்.

“வா, போலாம்.”

“நான் எப்படி அண்ணி? நான் தனி...”

“ஒரே அடுப்புல சாப்பிடறோம். என்ன தனி? வா பேசாம.”

ஒன்பது வருடத்துக்குப் பிறகு வரிசையக்கா அந்தப் படிகளை ஏறினாள். மண்டியிட்டபோது முழங்காலில் சொடக்கு விழுந்தது. தலைமேல் கை பட்டதும் தோள் குலுங்க அழுதாள். அவள் அழுததை எல்லாரும் பார்த்தார்கள், அவளுக்கு அதில் வெட்கமே இல்லை. அவர்களுக்குப் பின்னால் இரண்டாவது பெஞ்சு எழுந்தது. மூன்றாவது பெஞ்சில் பாதி எழுந்தது. தனியாட்கள் நாலைந்து பேர் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டு, கூப்பிடுகிற வரைக்கும் காத்திருக்காமல், சேர்ந்தாற்போல் எழுந்து வந்தார்கள்.

இறங்கும்போதுதான் அண்ணனைப் பார்த்தாள். அவர் இன்னும் அங்கேதான், படிக்குக் கீழே ஓரத்தில் நின்றுகொண்டிருந்தார். இரண்டு உள்ளங்கைகளையும் ஒன்றன்மேல் ஒன்றாக நெஞ்சுக்கு நேரே நீட்டியபடி, போகிற வருகிற வீடுகளுக்கு வழிவிட்டு, தன் முறைக்காகக் காத்திருந்தார். எல்லாரும் பார்ப்பார்களே என்று முகத்தை எங்கே வைத்துக்கொள்வது என்று தெரியாமல் தரையைப் பார்த்தார். அந்த நிற்பு அவளுக்குத் தெரியும். ஐந்து வருடம் நின்றவள் அவள். இந்த மனுஷன்தான் அன்று மாடியைத் திறந்துவிட்டவர் என்று நினைத்ததும் ஓடிப்போய்ப் பக்கத்தில் நின்றுவிடலாம் என்று மனசு கிடந்து அடித்துக்கொண்டது. ஒரு அடி எடுத்தும் வைத்தாள்.

பிறகு நிறுத்திக்கொண்டாள். ஒரு ஞாயிறுதானே, நிற்கட்டும் என்று விட்டுவிட்டு, அண்ணியின் கையைப் பிடித்துக்கொண்டு ஆறாவது பெஞ்சில் போய் உட்கார்ந்தாள்.